சுபேதார் வைத்த இரண்டு பேனர்

விசா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, ஃபாரம் நிரப்புவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். கடைசி நாள்வரை நான் கீபோர்டை ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தவள். நான் சொல்ல வந்தது ஒரு பேனரைப் பற்றி. சரியாகச் சொன்னால் இரண்டு பேனர். இரண்டிலும் என் பெயர் இல்லை, ஆனால் இரண்டுக்கும் காரணம் நான்தான்.

ராஜபாளையத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த ஆபீஸில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். முதல் இருபத்தைந்து வருடம் வந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரி. சிங்கப்பூர், துபாய், குவைத். வேலை அங்கே இருக்கிறது, ஆள் இங்கே இருக்கிறான், ஆளை வேலையிடம் அனுப்ப வேண்டும். எனக்குப் புரிந்தது, அவர்களுக்குப் புரிந்தது, வழியனுப்ப வந்த பத்துப் பேருக்கும் புரிந்தது. கொரோனாவுக்குப் பிறகு வந்தவர்கள் வேறு ரகம். வேலையை லேப்டாப்பில் மடக்கிக் கையிலேயே வைத்திருந்தார்கள். கம்பெனி ஒரு நாட்டில், ஆள் ஒரு நாட்டில், அதை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு நாட்டில் போய் இரண்டு வருடம் குடியிருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிக் குடியிருக்கவும் சில நாடுகள் விசா கொடுத்தன. முக்கியமான நிபந்தனை ஒன்றுதான். எங்கள் ஊரில் தங்கலாம், சாப்பிடலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், ஆனால் எங்கள் ஊரில் யாரிடமும் வேலைக்குச் சேரக் கூடாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கூத்தும் இதில்தான் தொடங்கியது.

எஸ்தர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. முப்பத்து மூன்று வயது. கணவர் பைக் விபத்தில் போய்விட்டார். ஏழு வயது மகள் ஜெனியோடு தாய்மாமன் வீட்டில் இருந்தாள். அமெரிக்காவில் பல் டாக்டர்களுக்கு சாப்ட்வேர் விற்கிற ஒரு கம்பெனியில் வேலை. டாக்டர்களுக்கு ஏதாவது சிக்கல் என்றால் இவள் இங்கிருந்தே எழுதிப் பதில் சொல்லுவாள். அவர்களுக்குப் பகலில் சிக்கல் வரும், இவளுக்கு அது ராத்திரி. ஆறு வருடமாக அவள் சாயங்காலம் எழுந்து விடிகாலையில் படுக்கிறவள்.

முதல் தடவை வந்தபோது பிள்ளையையும் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பிள்ளை எங்கள் ஆபீஸில் தண்ணீர் கேட்டதுகூட ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. தொண்டை சரியில்லையா என்று கேட்டேன்.

"இல்லக்கா. பகல்ல நான் தூங்குவேன்ல, அதான் அப்படியே பழகிட்டா. ஸ்கூல்லயும் இப்படித்தான் பேசுதாளாம். மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க" என்றாள் எஸ்தர். பிறகு தன் கோரிக்கையைச் சொன்னாள். "எனக்கு அமெரிக்கா வேண்டாம். அமெரிக்காக்காரன் முழிச்சிருக்க நேரத்துல நானும் முழிச்சிருக்க மாதிரி ஒரு ஊரு இருந்தா போதும். அவ கண்ணு முன்னால நான் கொஞ்ச நாளு நடமாடணும்க்கா."

இத்தனை வருடத்தில் ஊர் கேட்டு வந்தவர்கள் உண்டு, கடிகாரம் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். உலகப் படத்தை எடுத்து வைத்து அமெரிக்காவுக்கு நேர் கீழே விரலை இறக்கிக்கொண்டே வந்தேன். வாழையும் காப்பியும் விளைகிற ஒரு சின்ன நாடு அகப்பட்டது. அமெரிக்காவில் மணி ஒன்பது என்றால் அங்கேயும் ஒன்பது அல்லது பக்கத்தில். இப்படி லேப்டாப்போடு வருகிறவர்களுக்கு இரண்டு வருட விசாவும் வைத்திருந்தார்கள். பிள்ளையைக் கூட்டிப் போகலாம். எஸ்தர் அந்த நாட்டின் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வேலையைத் தொடங்கினோம். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு நாள் கையெழுத்துக்காக எஸ்தர் வந்தபோது கூடவே அவள் மாமாவும் வந்தார். தங்கராஜ். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைத்திருப்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். எஸ்தர் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போன நேரத்தில், நின்றபடியே என்னிடம் கேட்டார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்கக் கூடாதும்மா. கம்பெனி அமெரிக்கால இருக்கு. இவ போறது அமெரிக்கா இல்ல. இவ போற ஊர்ல அந்தக் கம்பெனி இல்ல. அப்பம் எதுக்குத்தான் போறா?"

அன்றைக்கு ஒரு ஆளுக்கு டிக்கெட்டில் தேதி மாறிப்போய் அவர் என் மேஜையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மணி மூன்று ஆகியும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஒரு கிழவருக்கு நேர மண்டலம் விளக்குகிற பொறுமை எனக்கு இல்லை.

"வேலைக்குத்தான் ஐயா போறாங்க. பெரிய கம்பெனி" என்றேன்.

"அமெரிக்கா பக்கமா?"

"பக்கந்தான்."

அவர் முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். நான் சொன்ன இரண்டு பதிலிலும் பொய் இல்லை. உண்மையும் இல்லை. நம் தொழிலில் இந்த மாதிரிப் பதில்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். பச்சைப் பொய் சொன்னால் எங்கே சொன்னோம் என்றாவது நமக்கு ஞாபகம் இருக்கும்.

விசா கைக்கு வருகிறவரை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். காரணம் கேட்டால் கண் பட்டுவிடும் என்று சொல்லிவிடுவோம். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எஸ்தரிடமும் அதையே சொன்னேன். அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். சுபேதார், "நமக்கு ஏதுட்டி கண்ணும் திருஷ்டியும்? நம்மகிட்ட ஜெபம் இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். முப்பத்தோரு வருடத்தில் எங்கள் சட்டம் செல்லுபடியாகாத ஒரே இடம் அந்த வீடுதான்.

விண்ணப்பம் டெல்லியில் இருந்த தூதரகத்துக்குப் போய் மூன்று வாரம் கழித்து எஸ்தருக்கு ஒரு மெயில் வந்தது. அவள் அதை எனக்கு அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டாள்.

மெயிலில் இருந்தது இதுதான். விண்ணப்பதாரரின் முகவரியைச் சரிபார்க்க ஆள் அனுப்பினோம். அவருடைய வீட்டு வாசலில், பன்னிரண்டு அடி உயரத்தில், அவருக்கு வெளிநாட்டில் உயர் பதவி கிடைத்திருப்பதாகப் பொது அறிவிப்பு இருக்கிறது. எங்கள் நாட்டில் வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் இந்த விசா கிடையாது. மேலும் அந்த அறிவிப்பில் அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை இருக்கிறது. எங்கள் நாட்டின் வழியாக அவர் வேறு நாட்டுக்குள் நுழையத் திட்டமிடுகிறாரா? இரண்டு கேள்விக்கும் பத்து நாளுக்குள் பதில் வேண்டும்.

"என்ன அறிவிப்பு எஸ்தர்? என்ன சிலை?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. நான் வாசலுக்கே போகலியே. பகல்ல தூங்குதேன், ராத்திரி உள்ள உக்காந்து வேலை பாக்கேன். இருங்க, போய்ப் பாக்கேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் படி இறங்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு "யேசுவே" என்ற ஒரே வார்த்தை கேட்டது. ஊருக்கே தெரிந்த செய்தி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பஸ் பிடித்துப் போனேன். தெருமுனையில் இறங்கும்போதே பேனர் தெரிந்தது. 'அமெரிக்கப் பகுதியில் மாபெரும் நிறுவனத்தில் உயர் பதவி ஏற்கச் செல்லும் எங்கள் குலவிளக்கு திருமதி எஸ்தர் அவர்களை வாழ்த்தி வழியனுப்பும்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே உறவினர்கள் இருபத்தொரு பேர் வட்ட வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில் சுபேதார் பழைய சீருடையில் சல்யூட் அடித்தார். வலது ஓரத்தில் சுதந்திர தேவி கையில் பந்தத்தோடு நின்றாள். இருவரும் ஒரே உயரம். நடுவில் எஸ்தர், கல்யாண ஆல்பத்தில் இருந்து வெட்டி எடுத்த படம். மேலே ஒரு விமானம் சர்ச் கோபுரத்தை உரசிக்கொண்டு போனது.

சிலையை யார் போடச் சொன்னது என்று பிறகு பேனர் கடைக்காரரிடம் கேட்டேன். "வெளிநாடுன்னா அந்த அம்மாதான் மேடம். துபாய்க்குப் போனாலும் அந்த அம்மாதான். வேற அம்மா நம்மகிட்ட ஸ்டாக் இல்ல" என்றார் அவர்.

நடந்தது இவ்வளவுதான். நான்கு நாளுக்கு முன்புதான் பேனர் கட்டியிருக்கிறார்கள். மறுநாள் மதியம், தூதரகம் அமர்த்திய தனியார் கம்பெனி ஆள் ஒருவர் மதுரையில் இருந்து பைக்கில் வந்திருக்கிறார். எஸ்தர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சுபேதார்தான் வாசலில் நின்று பேசியிருக்கிறார். எதற்காகப் போகிறார்கள் என்று அந்த ஆள் கேட்டதற்கு, "அதான் எழுதிப் போட்டிருக்குல்ல தம்பி, படிச்சிக்கோ" என்று கையைக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் படித்தார், நான்கு கோணத்தில் படம் எடுத்தார். சுபேதார் அவருக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, நன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லி பேனரின் சுருக்கத்தையும் இழுத்துப் பிடித்திருக்கிறார்.

நான் சுபேதாரிடம் கத்தவில்லை. வேலை என்றும் அமெரிக்கா என்றும் போட்ட இந்த பேனரால் எஸ்தரின் விசா நின்றுபோகும் நிலைமையில் இருக்கிறது, உடனே அவிழ்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் அப்போதே ஏறி அவிழ்த்தார். எழுபது வயதில் அந்த மனிதர் ஏணியில் ஏறியதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. பதில் கடிதத்தை எழுதிக்கொண்டு வருகிறேன், நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுபடியும் அவசரம். எதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து எஸ்தரிடம் இருந்து ஒரு படம் மட்டும் வந்தது. அதே இடத்தில், முன்னதைவிட இரண்டு அடி பெரிதாக, புதிய பேனர்.

'பொது அறிவிப்பு. எங்கள் குலவிளக்கு திருமதி எஸ்தர் அவர்களுக்கு வெளிநாட்டில் எந்த வேலையும் கிடைக்கவில்லை என்பதையும், அவர் அமெரிக்கா செல்லவில்லை என்பதையும் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இவண், சுபேதார் தங்கராஜ் மற்றும் குடும்பத்தார்.'

உறவினர்கள் இருபத்தொரு பேரும் அதே சிரிப்போடு இருந்தார்கள். சுதந்திர தேவியின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. சுபேதாரின் சல்யூட் அப்படியே இருந்தது. விமானத்தை மட்டும் கடைக்காரர் எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தெருக்காரர்கள் ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு விசாரிக்க வந்துவிட்டார்கள். அவள் தூங்குகிறாள் என்று சொன்னதும், பாவம், மனசு ஒடிஞ்சு படுத்துட்டா என்று முடிவு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேலை இழந்த சகோதரிக்காகச் சபையே எழுந்து நின்று ஜெபித்தது. அந்தச் சகோதரி முந்தின ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு மூன்றாவது வரிசையில் கண் சொருகி உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர் நேரில் வந்து, கவலைப்படாதே அம்மா, நாளையில் இருந்து பேக்கிங் செக்‌ஷனுக்கு வா, பகல் ஷிப்ட்தான் என்று கூப்பிட்டார்.

இதைச் சொல்லும்போது எஸ்தர் சிரித்தாள். பிறகு, "செத்த நேரம் யோசிச்சேன்க்கா" என்றாள். "பகல் ஷிப்ட்டுன்னு சொன்னாருல்ல."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இந்த விசா மறுக்கப்பட்டால் அடுத்த நாடும் ஏன் மறுத்தார்கள் என்று கேட்கும். அவள் இன்னும் எத்தனை வருடம் பகலில் தூங்குவாள், அந்தப் பிள்ளை எத்தனை வருடம் குசுகுசுவென்று பேசும்? பத்து நாளில் ஏழு போய்விட்டது.

நான் கடிதம் எழுதினேன். முப்பத்தோரு வருட அனுபவத்தையும் இறக்கி எழுதினேன். 'குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், முதுமையினால் ஏற்பட்ட புரிதல் குறைபாடு காரணமாக, உண்மைக்கு மாறான விளம்பரம் ஒன்றை வைத்துவிட்டார்' என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. கீழே சுபேதார் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். பட்டாளத்து ஆங்கிலம் அவருக்கு நன்றாக வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்துவிட்டு எஸ்தரைப் பார்த்தார்.

"ஏட்டி, இதுல உன் மாமனுக்குக் கிறுக்குன்னு எழுதிருக்கு."

"அப்படி இல்ல ஐயா, அது ஒரு முறைக்காக..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இருபத்தெட்டு வருசம் பட்டாளத்துல இருந்தேன்மா. ஒரு பொய் ரிப்போர்ட்டு குடுத்ததில்ல. பொய் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுதீங்க. நான் எங்க பொய் சொன்னேன்? எதுக்குப் போறான்னு உங்ககிட்டத்தான கேட்டேன்? வேலைக்குன்னு நீங்கதான சொன்னீங்க? பெரிய கம்பெனின்னு நீங்கதான சொன்னீங்க? அமெரிக்கா பக்கம்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி. தன் விசாவை மாமா கெடுத்துவிட்டார் என்று ஒரு வாரமாக அவள் அந்த வீட்டில் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள். நான் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை ஐந்து நிமிடம் கழித்துத் திறந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வெட்கப்படுவது உடம்புக்கே ஆகவில்லை.

கடிதத்தை வாங்கிக் கிழித்தேன். முதல் முறையாக அவர் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொன்னேன்.

"வேலைக்காகப் போகலை ஐயா. வேலை ஏற்கெனவே இருக்கு. அதையே பகல்ல பாக்கிறதுக்காகப் போறா. அந்த ஊர்ல பகல்னா அமெரிக்காவுலயும் பகல். ராத்திரி ஜெனியோட படுத்துத் தூங்கலாம். அம்புட்டுதான்."

அவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே சொல்லிருந்தா பேனர்லயே போட்டிருப்பேனேம்மா" என்றார்.

அன்று மாலை ஆபீஸில் புதுக் கடிதம் எழுதினேன். குடும்பத்தாருக்கு இந்த விசாவைப் பற்றித் தவறாகச் சொன்னது நான், அவர்கள் என்னை நம்பினார்கள், நம்பியதை பேனராக வைத்தார்கள், இதில் அவர்கள் மீது குற்றம் இல்லை. நான்கு வரிதான். ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் அடித்தேன். எங்கள் முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், படித்ததும் பதறிவிட்டார்.

"அக்கா, நம்ம பேர்லயே தப்புன்னு எழுதிக் குடுத்தா இனிமே நம்ம அனுப்புற எந்த ஃபைலை அவிய நம்புவாவ? கடையை இழுத்துச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. யார் தலையில் பாரத்தை வைப்பது என்று ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் சொந்தப் பெயரில், என் பொறுப்பு என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஆபீஸ் முத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். சுதந்திர தேவிக்கு என்ன பதில் எழுதுவது? எங்கள் ஊரில் பேனரில் இருப்பதை யாரும் சத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை என்று எழுதலாம். டெல்லியில் இருக்கிற அந்த நாட்டுக்காரர்கள் அதை எப்படி நம்புவார்கள்? ஆதாரம் வேண்டும். மறுநாள் காலையில் செல்போனை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் தெருக்களில் பேனர் பேனராக நின்று படம் எடுத்தேன். ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. காதுகுத்து விழாவில் ஒரு வயதுக் குழந்தையை 'ஐ.நா. சபையின் வருங்காலத் தலைவர்' என்று போட்டிருந்தார்கள். 'மதுரை முதல் மாஸ்கோ வரை கலக்கும் மாப்பிள்ளை' ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார், விசாரித்ததில் அவர் சாத்தூரைத் தாண்டியதில்லை. ஒரு வீட்டில் வளர்த்த ராஜபாளையம் நாய்க்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர், 'எங்கள் குடும்பத்தின் மூத்த மகன்' என்று. அருகில் இளைய மகனின் படமும் இருந்தது, அவர் ஒரு வக்கீல்.

ஆறு படம் தேர்ந்தெடுத்தேன். எல்லாவற்றையும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்ப வேண்டும். மதுரை மொழிபெயர்ப்பாளர் நேர்மையான மனிதர். நாயை மூத்த மகன் என்று எழுதினால் தன் சீலுக்குப் பங்கம் வரும் என்று அடம் பிடித்தார். கடைசியில், 'படத்தில் இருப்பது நாய். உறவுமுறை குடும்பத்தாரின் கூற்று' என்று அடிக்குறிப்புப் போட்டுக் கையெழுத்திட்டார். சுபேதாரின் இரண்டு பேனரையும் சேர்த்து மொத்தம் எட்டு இணைப்பு. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள் தூதரகத்தில் இருந்து வீடியோவில் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. எஸ்தரோடு, இரண்டு பேனரையும் வைத்த நபரும் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸிலேயே ஏற்பாடு செய்தோம். சுபேதார் இஸ்திரி போட்ட சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

திரையில் ஒரு அம்மாள் வந்தார். எஸ்தரிடம் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டார். எஸ்தர் நன்றாகவே பதில் சொன்னாள். பிறகு அந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, அந்த நாய் எப்படி இறந்தது என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஓல்டு ஏஜ் மேடம்" என்றார் சுபேதார், விறைப்பாக நின்றபடி. அந்த அம்மாள் வருத்தம் தெரிவித்தார். சுபேதார் நன்றி சொன்னார். அந்த நாய் யாருடையது என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

அடுத்த கேள்வியும் அவருக்குத்தான். இவர் எதற்காக எங்கள் நாட்டுக்கு வருகிறார்? முதலில் வேலை என்று அறிவித்தீர்கள், பிறகு வேலை இல்லை என்று அறிவித்தீர்கள். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நான் சொல்லிக்கொடுத்த பதில் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றுதான் விட்டிருந்தேன். சுபேதார் தொண்டையைச் செருமினார்.

"மேடம், சிக்ஸ் இயர்ஸ் ஷி இஸ் ஆன் நைட் டியூட்டி. ஈவன் ஆர்மி வில் நாட் கிவ் சிக்ஸ் இயர்ஸ் நைட் டியூட்டி. இன் யுவர் கன்ட்ரி ஷி வில் ஒர்க் இன் டே. நைட் ஷி வில் ஸ்லீப் வித் பேபி. தட் இஸ் ஆல் மேடம்."

சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தார். பேனரில் இருந்த அதே சல்யூட். அந்த அம்மாள் கையில் இருந்த படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு குனிந்து ஏதோ எழுதினார். எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை. நான் அழுதேன்.

ஒன்பதாம் நாள் விசா வந்தது. எங்கள் ஆபீஸும் மூடப்படவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பிய ஃபைல்களும் வழக்கம்போலத்தான் போய் வந்தன. தப்பை ஒத்துக்கொண்டால் தலை போய்விடும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தைரியமாக எழுதிவிடுங்கள் என்றும் நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு வேலை செய்தது உங்களுக்கும் செய்யும் என்று யார் சொல்ல முடியும்? நான் சொல்வது அதற்கு முந்தின ஐந்து நிமிடத்தைப் பற்றி. வீட்டில் இருந்து வருகிற ஆள், எதற்குப் போகிறாள் என்று கேட்டால், அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். விசா வாங்குகிறவளைவிட அவளை அனுப்புகிறவருக்குத்தான் அது தெரிந்தாக வேண்டும்.

விமானம் ஏறிய பிறகு மூன்றாவது பேனர் வைத்துக்கொள்ளலாம் என்று சுபேதாருக்கு அனுமதி கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அவளுக்குக் காட்டத்தானம்மா வச்சேன். மொதத் தடவையும் அதுக்குத்தான். எந்திரிச்சு வந்து பாப்பான்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்தர் போய் ஏழெட்டு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் போனில் அவளுடைய வாய்ஸ் மெசேஜ் கிடந்தது. காப்பியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, இன்னைக்கு வேலை முடிஞ்சிட்டு. இங்க மணி நாலு. வெயிலு நல்லா அடிக்கி. ஜெனி ஸ்கூல் விட்டு வந்து நிக்கா. சோறு பொங்கியாச்சு, துணி காயப் போட்டாச்சு. ராத்திரி வர இன்னும் எம்புட்டு நேரம் கெடக்கு. இப்பம் நான் என்ன செய்யன்னே தெரியலக்கா."

அதற்குப் பிறகு யாரோ நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். கடைசியில் ஜெனியின் குரல், நன்றாக உரக்க.

"செருப்பப் போடும்மா. வெளிய போவோம்."